நம் மடல்களைச் சுமக்கும் கம்பனிகள்

பழைய மாணவர் சங்கம் என்பது கட்டடத்தால் ஆவதன்று; கடிதத் தொடர்பினால் ஆவது. கொழும்பிலும் கண்டியிலும் மாத்திரமன்றி, இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வதியும் நம் அன்பர்கள் இன்று ஒருவரோடொருவர் அளவளாவுவது தபாற்கந்தோர் வழியாகவன்று. கைத்தொலைபேசியில் அமைந்த சில செயலிகள் வழியாகவே. மரணச் செய்தியும் மங்கலச் செய்தியும், பரிசளிப்பு விழாவின் வரவு செலவும், பாடசாலைக் காலத்து நிழற்படமும் அவற்றின் வழியே செல்கின்றன. பழைய தபாற்காரரை நாம் அறிவோம். அவர் அரசாங்க ஊழியர். முத்திரைக் காசு அவருடைய சம்பளத்துக்கு ஆதாரம். கடிதத்தைப் பிரித்து வாசித்தால் தண்டனை உண்டு. இப்புதிய தபாற்காரர் யாவர்? அவர்க்குக் கூலி கொடுப்பவர் யார்? நம்மை அவர் எவ்வாறு நடத்துகின்றார்? தமிழாசிரியனுக்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்று வினவுவாரும் உளர். மடல் எழுதக் கற்பிப்பவன், அம்மடல் யார் கையிற் சேர்கின்றது என்று விசாரித்தல் அவனுடைய தொழிலுக்குப் புறம்பானதாக எனக்குத் தோன்றவில்லை.

முதற்கண் ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளல் வேண்டும். மடல் வேறு, உறை வேறு. மடலில் இருப்பது நாம் எழுதிய செய்தி. உறையில் இருப்பது எழுதியவர் பெயர், பெறுபவர் பெயர், அனுப்பிய நேரம், அனுப்பிய இடம் முதலியன. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதனாலேயே இவ்விடயத்தில் மயக்கம் மிகுகின்றது.

மடலை மறைக்கும் வித்தை இன்று நன்றாக வளர்ந்துள்ளது. அதனை மறைகுறியாக்கம் என்பர். ஒவ்வொருவருடைய தொலைபேசியும் தனக்கென ஒரு பூட்டையும் அதற்குரிய திறப்பையும் ஆக்கிக்கொள்கின்றது. பூட்டு, திறந்தபடியே எல்லார்க்கும் வழங்கப்படும்; திறப்போ சொந்தக்காரரின் தொலைபேசியை விட்டு நீங்குவதில்லை. ஒருவர்க்கு எழுத விரும்புபவர் அவருடைய பூட்டினாலே செய்தியைப் பெட்டியிலிட்டுப் பூட்டி அனுப்புவார். பூட்டியவர்தாமும் பின்னர் அதனைத் திறத்தல் இயலாது, பெறுபவரே திறப்பார். இடையிற் சுமந்து செல்லும் கம்பனியிடம் இருப்பது பூட்டிய பெட்டி மாத்திரமே. உண்மையில் நடைபெறும் கணிதம் இதனினும் நுட்பமானது. ஆயினும் சாரம் இதுவே.

உறையோ பூட்டுக்கு வெளியே இருப்பது. ஒருவர் நள்ளிரவில் வைத்தியசாலை ஒன்றுக்குப் பேசினார். உடனே கனடாவிலுள்ள தமையனாருக்குப் பேசினார். விடியற்காலையில் ஊரிலுள்ள குருக்களுக்கும் பந்தற்காரருக்கும் பேசினார். அவர் பேசிய சொற்களில் ஒன்றேனும் நாம் கேட்கவில்லை. எனினும் அவ்வீட்டில் நிகழ்ந்தது யாதென அறிய நமக்கு வேறு சாட்சி வேண்டுமா? இவ்வாறே உறைகளை மாத்திரம் பல்லாண்டு சேர்த்து வைத்திருப்பவர் ஒரு மனிதனின் உறவையும் தொழிலையும் கடனையும் நோயையும் ஒருவாறு கணித்துவிடலாம். ஆதலின் ஒரு கம்பனி நம்மை எவ்வாறு நடத்துகின்றது என்பதற்கு மடலைப் பூட்டுகின்றதா என்று கேட்பது போதாது. உறையை என் செய்கின்றது என்றும் கேட்டல் வேண்டும்.

நம்மவரிற் பெரும்பாலோர் பாவிக்கும் வட்ஸ்அப் 2009 இல், யாஹூ நிறுவனத்தில் முன்னர் வேலைபார்த்த யான் கூம், பிரையன் அக்ரன் என்னும் இருவரால் தொடங்கப்பட்டது. கூம் சோவியத் ஆட்சிக்காலத்து உக்ரேனிற் பிறந்து, இளமையில் அமெரிக்கா சென்றவர். தொலைபேசியை ஒட்டுக்கேட்கும் அரசின் கீழ் வளர்ந்தமையால், பிறர் பேச்சைச் சேர்த்து வைக்கும் தொழிலில் தமக்கு வெறுப்புண்டு எனச் சொல்லிவந்தார். விளம்பரம் விற்பதில்லை என்பதை அவ்விருவரும் கொள்கையாகக் கொண்டு, அதனை 2012 இல் எழுத்திலும் வெளியிட்டனர். அதற்குப் பதிலாக ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு டொலர் கேட்டனர். முத்திரைக் காசு போன்ற நேர்மையான ஏற்பாடு இது. கூலி கொடுப்பவர் நாம். ஆகையால் எசமானரும் நாமே.

2014 பெப்ரவரியில் பேஸ்புக் கம்பனி அதனை ஏறத்தாழ 1,900 கோடி டொலருக்கு வாங்க உடன்பட்டது. அப்பொழுது வட்ஸ்அப்பிற் பணிபுரிந்தோர் 55 பேரளவினர். பாவனையாளர் 45 கோடி. ஐம்பத்தைந்து பேர் உள்ள ஒரு கந்தோருக்கு அவ்வளவு விலை எதற்கு என்று அன்று பலர் வியந்தனர். விலை கந்தோருக்கன்று, அந்த நாற்பத்தைந்து கோடிக்கே என்பது பின்னர் விளங்கிற்று.

அடுத்து நிகழ்ந்தவை இரு வேறு திசைகளிற் சென்றமை கவனிக்கத்தக்கது. 2016 ஏப்ரலில் வட்ஸ்அப் தன் பாவனையாளர் அனைவருடைய மடல்களுக்கும் மேற்கூறிய பூட்டை இட்டு முடித்தது. நூறு கோடிக்கு மேற்பட்ட மக்கள், தாம் கேளாமலே, அறியாமலே, ஒரு காசும் கொடாமலே பெற்ற பாதுகாப்பு அது. இதனைச் சிறுமைப்படுத்துதல் நீதியன்று. அதே ஆண்டு ஓகஸ்டிலோ, பாவனையாளரின் தொலைபேசி இலக்கம் முதலியவற்றைத் தாய்க் கம்பனியாகிய பேஸ்புக்குடன் பகிரப்போவதாக அறிவித்தது. பழைய பாவனையாளர்க்கு மறுப்புத் தெரிவிக்க 30 நாள் தவணை. விற்பனை நடந்தபொழுது, இரண்டிடத்துக் கணக்குகளையும் தானாக நம்பகமாய்ப் பொருத்தும் ஆற்றல் தன்னிடம் இல்லையென ஐரோப்பிய ஆணைக்குழுவிடம் பேஸ்புக் கூறியிருந்தது. அக்கூற்றுப் பிழையானது என்றும், 2014 இலேயே அவ்வாற்றல் இருந்ததென்றும் கண்ட ஆணைக்குழு, 2017 மே மாதத்தில் 11 கோடி யூரோ தண்டம் விதித்தது. மடலுக்குப் பூட்டு, உறைக்குக் கணக்கு என்பதே அக்கம்பனியின் முறையாயிற்று. ஆண்டுக் கட்டணமும் 2016 இன் தொடக்கத்திலேயே நீக்கப்பட்டிருந்தது. இலவசமென்று மகிழ்ந்தோம், எசமானர் மாறியதைக் கவனித்தோமல்லோம்.

நிறுவியவர் இருவரும் நிலைத்திருக்கவில்லை. அக்ரன் 2017 இல் விலகினார். விலகியமையால் தமக்கு வரவேண்டிய ஏறத்தாழ 85 கோடி டொலர் பெறுமதியான பங்குகளை இழந்தார் என்று அவரே பின்னர் கூறியுள்ளார். கூம் 2018 இல் விலகினார். விளம்பரம் பற்றிய பழைய வாக்கு 2025 யூனில் முடிவுக்கு வந்தது. தனிமடல்களுக்கிடையே அல்ல, 'ஸ்ரேற்றஸ்' முதலியன இருக்கும் பகுதியில் விளம்பரம் வரும் என அறிவிக்கப்பட்டது. அவ்வளவுதானே எனலாம். பதின்மூன்று ஆண்டு நின்ற ஒரு வாக்கு, கொடுத்தவர்கள் வெளியேறிய வீட்டில் அதற்குமேல் நிற்கவில்லை.

அக்ரன் சென்ற இடம் சிக்னல். 2018 பெப்ரவரியில் 5 கோடி டொலர் இட்டு, மொக்சி மார்லின்ஸ்பைக் என்பவருடன் சேர்ந்து, இலாபநோக்கற்ற தருமநிதியாக அதனை அமைத்தார். வட்ஸ்அப் இட்ட பூட்டை வடிவமைத்தவரும் இதே மார்லின்ஸ்பைக் குழுவினரே. ஆகவே பூட்டைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வேற்றுமை இல்லை. வேற்றுமை உறையிலேயே உள்ளது. 2016 இல் அமெரிக்க வேர்ஜீனியா மாநிலத்திலுள்ள கூட்டரசு நீதிமன்றமொன்றின் வழியாக, ஒரு பாவனையாளர் பற்றிய விபரங்களைக் கொடுக்குமாறு சிக்னலுக்குக் கட்டளை வந்தது. அவர்கள் கொடுக்கக் கூடியவை இரண்டே: அக்கணக்குத் தொடங்கப்பட்ட நேரம், கடைசியாகத் தொடர்புகொண்ட நாள். மறைத்து வைத்துக்கொண்டு இல்லையென்றாரல்லர், சேர்த்து வைக்கவேயில்லை. இல்லாததைப் பறிக்க எந்தச் சட்டத்தாலும் இயலாது. பிறர் பொருளைக் காப்பதற்கு இதனினும் எளிய வழி உண்டோ யான் அறியேன்.

ஆயினும் சிக்னலைப் புகழ்ந்து அமைதல் முறையன்று. 2023 இல் அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி, 2025 அளவில் ஆண்டுச் செலவு 5 கோடி டொலரை எட்டும். புதியவர் இலக்கத்தைச் சரிபார்க்கும் குறுஞ்செய்திகளுக்கு மாத்திரம் ஆண்டுக்கு 60 இலட்சம் டொலர். இவ்வளவும் பெரும்பாலும் நன்கொடையால் வருதல் வேண்டும். சங்கத்துக்குச் சந்தா சேர்த்துப் பழகிய நம் தனாதிகாரிகளுக்கு அதன் அருமை விளங்கும். 2021 சனவரியில் புதியவர் திரண்டு வந்தபொழுது, 15 ஆந் திகதி அச்சேவை பல மணிநேரம் ஸ்தம்பித்து நின்றது. தொலைபேசி தொலைந்தாற் பழைய உரையாடலை மீட்பதும் நெடுங்காலம் கடினமாயிருந்தது. பாவனையாளரின் இலக்கம் பிறர்க்குத் தெரியாமல் மறைக்கும் வசதி 2024 பெப்ரவரியிலேயே வந்தது. காத்தலில் கண்டிப்புடையவர் உபசாரத்திற் சற்றுக் குறைந்திருப்பதுண்டு. நம் விடுதிக் கண்காணிப்பாளரை நினைவுகூர்வார்க்கு அதிகம் சொல்லவேண்டியதில்லை.

மூன்றாவது ரெலிகிராம். 2013 இல் பாவெல் துரோவ், நிக்கொலாய் துரோவ் என்னும் இரஷ்யச் சகோதரர் தொடங்கியது. இதனை மிகப் பாதுகாப்பானதென நம்மவர் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் முழுதும் சரியன்று. இரகசிய உரையாடல் என்று தனியே தெரிந்தெடுத்தால் மாத்திரமே இருவர்க்கிடையே அந்தப் பூட்டு அமையும். சாதாரண உரையாடலும், குழு உரையாடல் யாவும், கம்பனியின் கணினிகளிலேயே, கம்பனி திறக்கக்கூடிய நிலையிலேயே உள்ளன. ஓர் இலாபமும் இதனால் உண்டு. புதிதாகக் குழுவிற் சேர்பவர் பழைய செய்திகளையும் வாசிக்கலாம். தொலைபேசி மாறினாலும் ஒன்றும் தொலைவதில்லை. ஒரு குழுவில் இரண்டு இலட்சம் பேர்வரை சேரலாம். வசதியும் இரகசியமும் ஒரே அலுமாரியில் இருப்பது அரிது.

ரெலிகிராம் தன் பாவனையாளர்க்குத் தந்த காப்புச் சட்டத்தாலும் பூட்டாலும் ஆனதன்று. பெரிதும் ஒரு மனிதரின் மனவுறுதியால் ஆனது. திறப்புகளைக் கேட்ட இரஷ்ய அரசுக்கு அவர் மறுத்தார். அதனால் 2018 ஏப்ரல் முதல் 2020 யூன் வரை அந்நாட்டில் ரெலிகிராம் தடைசெய்யப்பட்டிருந்தது. 2024 ஓகஸ்ட் 24 ஆந் திகதி பாரிசுக்கு அண்மையில் லெ பூர்ஜே விமானநிலையத்தில் அவர் கைதுசெய்யப்பட்டார். அடுத்த மாதமே, முறையான சட்டக் கோரிக்கை வந்தாற் குற்றஞ்செய்தோரின் தொலைபேசி இலக்கத்தையும் இணைய முகவரியையும் அதிகாரிகளிடம் கொடுப்போம் எனக் கம்பனியின் நிபந்தனை மாற்றப்பட்டது. குற்றவாளிகளைக் காட்டிக்கொடுத்தல் தகாது என்று யான் கூறவில்லை. ஒருவர் கைதானதும் கோடிக்கணக்கானோர்க்குரிய நிபந்தனை மாறக்கூடுமாயின், அக்காப்பு எத்துணை மெல்லிய நூலில் தொங்கிற்று என்பதையே காட்டுகின்றேன்.

அப்பிள் கம்பனியின் நடத்தை இம்மூன்றினும் வேறு. அது பெரும்பாலும் பொருளை விற்று வாழ்வது, விளம்பரத்தால் வாழ்வதன்று. ஐபோனை வாங்குபவரின் செய்தியைப் பூட்டி வைப்பது அதன் வியாபாரத்துக்கு உகந்தது. 2016 இல் ஒரு கொலையாளியின் தொலைபேசியைத் திறக்க உதவுமாறு அமெரிக்கப் புலனாய்வுப் பகுதியினர் நீதிமன்றக் கட்டளை பெற்றபொழுது, அக்கம்பனித் தலைவர் ரிம் குக் பகிரங்கமாக மறுத்தார். ஆனால் அதே கம்பனி தன் வீட்டைச் சுற்றி உயர்ந்த மதிலும் கட்டியது. 2011 இல் வந்த அதன் ஐமெசேஜ் சேவை அன்ட்ரொயிட் தொலைபேசிகளுக்கு வழங்கப்படவில்லை. வழங்கினால், ஐபோன் வைத்திருக்கும் குடும்பத்தார் தம் பிள்ளைகளுக்கு விலைகுறைந்த பிற தொலைபேசியை வாங்கிக்கொடுப்பர் என்று அதன் அதிகாரிகள் தம்முள் எழுதிக்கொண்டமை 2021 இல் நடந்த வழக்கொன்றில் வெளியாயிற்று. தாயாருக்குத் தெளிவான படம் அனுப்ப இயலவில்லை என்று 2022 இல் ஒரு கூட்டத்தில் முறையிட்ட ஒருவர்க்கு, தாயாருக்கு ஓர் ஐபோன் வாங்கிக் கொடுங்கள் என்பதே குக் அளித்த விடை. 2024 செப்ரெம்பரிலேயே, இருவகைத் தொலைபேசிக்கும் பொதுவான புதிய முறையை அப்பிள் ஏற்றது. பாதுகாப்பும் எல்லையற்றதன்று. மேகச் சேமிப்பில் உள்ளவற்றுக்கும் முழுப் பூட்டு இடும் வசதியை, பிரித்தானிய அரசின் நெருக்குதலை அடுத்து 2025 பெப்ரவரியில் அந்நாட்டுக்கு மாத்திரம் நிறுத்திற்று. இலண்டனிலுள்ள நம் அன்பர் சிலர் இதனை அறிந்திருப்பர்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்களுக்கு எதிராக வன்செயல் மூண்டபொழுது, அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் முதலியவற்றைச் சில நாள் தடைசெய்தது. 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பின் பின்னரும் அவ்வாறே நடந்தது. தடைக்கு முன்னும், சிங்களத்தில் எழுதப்பட்ட பகைமொழிகளைப் பற்றிப் பலர் பேஸ்புக்குக்கு முறையிட்டிருந்தனர். தக்க விடை கிடைக்கவில்லை. அம்மொழி அறிந்த பரிசீலகர் அங்கே போதிய அளவில் இல்லை. 2020 மே மாதத்தில் அக்கம்பனி தன் பங்கிற்கு வருத்தம் தெரிவித்து மன்னிப்புக் கோரிற்று. எரிந்த கடைகளுக்கு இரண்டாண்டு பிந்திய மன்னிப்பு. ஆங்கிலத்தில் எழுதுபவனுக்கு ஒரு காதும் சிங்களத்திலோ தமிழிலோ எழுதுபவனுக்கு மற்றொரு காதும் வைத்திருக்கும் கம்பனி, பாவனையாளரைச் சமமாக நடத்துகின்றது என்பது எவ்வாறு? மொழி கற்பிப்போனாகிய எனக்கு, விளம்பரத்தைப் பார்க்கிலும் இதுவே பெருங்குறையாகத் தோன்றுகின்றது.

நாட்டுக்கு நாடு வேறுபாடு சட்டத்தாலும் வருவது. 2021 சனவரியில், புதிய நிபந்தனைகளைப் பெப்ரவரி 8 ஆந் திகதிக்குள் ஏற்கவேண்டும் என வட்ஸ்அப் அறிவித்தபொழுது உலகெங்கும் கலக்கம் உண்டாயிற்று. தனிமடல்களைக் கம்பனி வாசிக்கப்போகின்றது என்று பரவிய செய்தி உண்மையன்று. மாற்றம் பெரிதும் வியாபார நிலையங்களுடன் நடத்தும் உரையாடல் பற்றியதே. தவணை மே 15 வரை பிற்போடப்பட்டது. அச்சமயம், ஐரோப்பியப் பாவனையாளர்க்குத் தகவற் பகிர்வில் மாற்றம் ஏதுமில்லை எனக் கம்பனி தெளிவுபடுத்தியது நோக்கத்தக்கது. அங்கே 2018 மே முதல் கண்டிப்பான தரவுச் சட்டம் உண்டு. ஒரே செயலி, ஒரே பூட்டு. ஆனால் பாரிசிலுள்ள தமையனுக்கு ஒரு நிபந்தனை, பருத்தித்துறையிலுள்ள தம்பிக்கு வேறு நிபந்தனை. இலங்கையிலும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகளோ பிற்போடப்பட்டன.

ஒரு செயலியை விட்டு மற்றொன்றுக்குச் செல்வது ஏன் இத்துணை கடினம் எனச் சிந்தித்தல் வேண்டும். 1874 இல் பேர்ண் நகரில் அமைந்த அனைத்துலகத் தபாற் சங்கத்தின் ஏற்பாட்டினால், ஒரு நாட்டு முத்திரை ஒட்டிய கடிதத்தை மறுநாட்டுத் தபாற்காரர் கொண்டுசென்று கொடுக்கின்றார். செயலிகளிலோ, சிக்னலில் எழுதியது வட்ஸ்அப்பிற் சேராது. எல்லாரும் ஒருங்கே பெயர்ந்தாலன்றி ஒருவர் மாத்திரம் பெயர்தல் தனிமைக்கே வழியாகும். கம்பனி நம்மை எவ்வாறு நடத்தினும் நாம் விலகாதிருப்பதன் இரகசியம் இதுவே. பெரிய செயலிகள் பிறவற்றுக்கும் வாயில் திறக்கவேண்டும் என ஐரோப்பியச் சட்டம் 2024 மார்ச் முதல் விதித்துள்ளது. பயன் மெல்லவே வருகின்றது.

நம் சங்கத்திலும் 2021 இல் இது விவாதமாயிற்று. சிக்னலுக்குச் செல்வோம் என்று இளையோர் நின்றனர். முதியோர் சிலர், பேரப்பிள்ளையின் உதவியால் வட்ஸ்அப் கற்கவே இரண்டாண்டு சென்றதென்று முறையிட்டனர். சில கிழமைகளில் ஏறத்தாழ எல்லாரும் பழைய இடத்துக்கே மீண்டனர். அதில் இழுக்கொன்றுமில்லை. விழா அழைப்புக்கும் வாழ்த்துக்கும் வட்ஸ்அப் போதும்.

ஆனால் ஒரு விடயத்தில் மாத்திரம் செயற்குழு வேறு முடிவெடுத்தது. வறிய மாணவர்க்கு உதவும் நிதியத்துக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் பெயர், தந்தையாரின் நோய், தாயாரின் தொழில், வீட்டு நிலை ஆகியவை முன்னர் நூற்றுக்கு மேற்பட்டோர் இருக்கும் குழுவிலேயே இடப்பட்டு வந்தன. எந்தக் கம்பனியின் பூட்டும் இதற்கு உதவாது. ஏனெனின் பெட்டியைத் திறப்போரே நூறு பேர். அவருள் ஒருவர் நல்லெண்ணத்தோடு மற்றொரு குழுவுக்கு அனுப்பினாற் பிள்ளையின் வறுமை ஊரறிந்த கதையாகும். மிகுதியாகப் பரவிய செய்தியை ஒரு முறைக்கு ஓரிடத்துக்கே அனுப்பலாம் என 2020 ஏப்ரலில் வட்ஸ்அப் விதித்த கட்டுப்பாடு வதந்தியின் வேகத்தைக் குறைத்தது. ஒரு தனி மாணவனின் மானத்தைக் காப்பதற்கு அது போதாது. ஆதலால் இப்பொழுது அவ்விண்ணப்பங்கள் நிதியத்தின் பொறுப்பாளர் மூவர்க்குள் மாத்திரம் சிக்னல் வழியாகச் செல்கின்றன. நான்கு கிழமையில் தாமே அழியும்படி அமைக்கப்பட்டுள்ளன. குழுவில் இடப்படுவது தொகையும் மாணவர் எண்ணிக்கையும் மாத்திரமே. வட்ஸ்அப்பின் பழைய உரையாடலைப் பிரதிசெய்து வைத்திருக்கும் அன்பர்கள், அப்பிரதிக்கும் கடவுச்சொல் இட்டுப் பூட்டும் வசதி 2021 ஒக்ரோபர் முதல் உண்டென்பதை அறிக. அது தானாக அமைவதன்று. நாமே தெரிந்தெடுத்தல் வேண்டும். அங்கத்தவர் முகவரிப் பட்டியலை, செயலாளர் வழக்கம்போல நீலமட்டைப் பதிவேட்டிலும் எழுதி வருகின்றார்.